சர்வரை மரியாதையாக நிறுத்தும் முறை

குடிமக்கள் இருப்புறுதி ஆணையத்தின் மைசூரு மண்டல அலுவலகம் மண்டி மொஹல்லாவில் ஒரு வெல்லக் கிடங்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று உறுதி செய்வது அதன் வேலை. நீங்களே நேரில் போய் நின்று, மூச்சு விட்டுக் காட்டி, ‘நான் இருக்கிறேன்’ என்று சொன்னால் செல்லாது. ஆணையம் கொடுத்த இருப்பு அட்டையின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் ‘இருக்கிறார்’ என்று பச்சையில் வர வேண்டும். ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பச்சைதான் ஆதாரம்.

பச்சையைக் காட்டுகிற சர்வர் பெங்களூருவில் இருக்கிறது. பெங்களூருவில் எங்கே என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு ஊழியர் எண் உண்டு. ஊழியர் செலவைத் தவிர வேறு எதற்கும் தலைமையகம் ஒப்புதல் தராது என்பதால், யாரோ ஒரு புத்திசாலி அதை ஊழியராகச் சேர்த்துவிட்டார். லீவு போடாமல், டீ குடிக்க இறங்காமல் உழைத்ததால், சிறந்த ஊழியர் விருதும் வருடா வருடம் அதற்கே போனது. விழாவில் அதன் புகைப்படத்துக்கு மைசூரு பேட்டா என்கிற தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டார்கள். படத்தில் இருப்பது அந்தச் சர்வர்தானா என்று கேட்ட ஒருவரை ஹுன்சூருக்கு மாற்றிவிட்டார்கள்.

மதலைமுத்துவுக்கு ஊழியர் எண் கிடையாது. அவர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிற ஆபரேட்டர். பெங்களூருவில் இருக்கும் சர்வரோடு மைசூருவிலிருந்து பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதனால் எல்லோருடைய வேலையையும் அவரே செய்தார். பெயர் மட்டும் எல்லோருக்கும் வந்தது. இதைப் பற்றி அவர் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. புகார் சொல்வதற்கும் ஊழியர் எண் வேண்டும்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் அவருடைய மகள் ஜேனுக்கு அறுவை சிகிச்சை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். அதை அடைக்கிற டாக்டர் வெளியூரிலிருந்து வருகிறவர். அன்று விட்டால் மறுபடி எப்போது வருவார் என்று ஆஸ்பத்திரியிலேயே தெரியவில்லை. ஜேன் அவ்வளவு நாள் தாங்குவாளா என்று மதலைமுத்து கேட்டபோது, இளம் டாக்டர் ஒருத்தி பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். அன்று முழுக்க அவர் மகள் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று காலை அலுவலகத்தில் ஒரு தொடக்க விழா. தொடங்குகிற இயந்திரத்தைத் தொடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. “பூஜே முடிஞ்ச உடனே ஹோகிபிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்று சூப்பரிண்டெண்ட் கிருஷ்ணராஜ் பெரிய மனது பண்ணியிருந்தார்.

தொடங்கியது ‘கழித்தல் பணி’. இறந்துபோனவர்களின் பெயர்களை ஊர் ஊராகப் பட்டியலிலிருந்து நீக்குகிற வேலை. அதற்கு இரண்டு பட்டியல்களைக் கொடுக்க வேண்டும். முதலில் இறந்தவர்கள் பட்டியல், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, இந்த வருடம் அட்டையைப் புதுப்பித்தவர்கள் பட்டியல். மதலைமுத்து அப்படித்தான் வைத்திருந்தார். மண்டல இயக்குநர் முரளிதரன் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

முரளிதரன் மைசூருவில் பிறந்து வளர்ந்த தமிழர். அலுவலகத்தில் கன்னடமும் இங்கிலீஷும்தான் பேசுவார். முடியாது என்று சொல்வதற்கு மட்டும் தமிழுக்கு வருவார். அந்த அளவில் தாய்மொழிப் பற்று உள்ளவர்.

“நல்ல நாளும் அதுவுமா, மொதல்ல சாவுப் பட்டியலையா தொறப்பீங்க? முடியாது. மங்களகரமா ஏதாவது மொதல்ல வைங்க.”

மதலைமுத்து வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணராஜ் குனிந்து இரண்டு பட்டியல்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். உயிரோடு இருப்பவர்கள் முதலில், இறந்தவர்கள் அப்புறம். எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் பொத்தானை அழுத்தினார். சர்வருக்கு மங்களம், அமங்களம் தெரியாது. முதலில் வந்த பட்டியலில் இருப்பவர்கள் செத்தவர்கள் என்று மட்டும் அதற்குச் சொல்லியிருந்தது. அது வேலையைத் தொடங்கியது.

முதல் அழைப்பு ஹனூர் தாலுகாவில் காட்டோரத்தில் இருக்கும் கோபிநத்தத்திலிருந்து வந்தது.

“சார், கோபிநத்தம் செல்லக்கண்ணு பேசறனுங்க. ரேசன் கடையில நான் செத்துப் போயிட்டேன்னு சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல செவப்பா வருதுங்களாம்.”

கிருஷ்ணராஜ் விதிமுறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இறந்தவர் சார்பில் வாரிசுதான் புகார் தர முடியும் என்று மரியாதையாகவே சொன்னார்.

“வாரிசு எம் மகன்தானுங்க. அவனும் செத்துட்டானாமுங்க. பக்கத்துல நிக்கறானுங்க, பேசறீங்களா?”

“இறந்தவங்க எல்லாம் ஒரே லைன்ல பேசக் கூடாது ரீ” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மதலைமுத்து திரையைப் பார்த்தார். கோபிநத்தம் முடிந்து மூடப்பட்டிருந்தது. அட்டையை ஒழுங்காகப் புதுப்பித்த எல்லோரும் செத்திருந்தார்கள். சோம்பல்பட்டுப் புதுப்பிக்காதவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள். அடுத்த ஊரின் பெயருக்கு முன்னால் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் கௌதள்ளி.

மதலைமுத்துவின் சொந்த ஊர் கௌதள்ளி. ஜேனின் அட்டை அந்த முகவரியில்தான் இருக்கிறது. போன மாதம்தான் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, வரிசையில் நின்று அதைப் புதுப்பித்தார்.

அப்போது போன் அடித்தது. மனைவி ஜெனிஃபர்.

“ஏனுங்க, அட்டை நம்பரப் போட்டா பச்சையே வரலீங்க. சுத்திக்கிட்டே இருக்குதாம். பச்சை வந்தாத்தான் உள்ள கூட்டிட்டுப் போவாங்களாம். மத்தியானத்துக்குள்ள வரலைன்னா டாக்டரு அடுத்த புள்ளையப் பாத்துட்டுக் கெளம்பிருவாராம். என்ன பண்றதுங்க?”

“வந்துரும் ஜெனி. நான் இங்கதான இருக்கேன். வந்துரும்.”

அவர் பொய் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கௌதள்ளி சர்வரின் கையில் இருக்கும்வரை அந்த ஊர்க்காரர்களுக்குப் பதில் வராது. கௌதள்ளி முடிந்தவுடன் பதில் வரும். சிவப்பில்.

அவர் ஐந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். இங்கிருந்தே பெங்களூரு சர்வருக்குப் போய் டேட்டாபேஸை நிறுத்தி, மறுபடி கிளப்பி விடுகிற ஐந்து வரி. பாதியில் நிறுத்தினால், முடியாமல் கிடக்கிற ஊரில் செய்த வேலை எல்லாம் இல்லையென்று ஆகிவிடும். கௌதள்ளி பழையபடி உயிரோடு எழுந்து உட்காரும். ஐந்து வரிகளும் தயார். ஓட வைக்க ஒரு சாவி வேண்டும். கட்டை விரல் அளவு இருக்கும்; கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அது இயக்குநரிடம் இருந்தது.

மதலைமுத்து கிருஷ்ணராஜிடம் ஓடினார். கிருஷ்ணராஜ் கெட்டவர் இல்லை. கண்ணில் நீர் வரக் கேட்டார்.

“அய்யோ பாப்பா! ஆனா மதலை, அது டியூட்டில இருக்கிற எம்ப்ளாயி. வேலை மாடுவாக, செய்யறப்பவே நிறுத்தினா மெமோ கொடுக்கணும். பதில் தர டைம் கொடுக்கணும்.”

“சர்வர் எப்படிங்க சார் பதில் எழுதும்?”

“அதுதான் ப்ராப்ளம். பதில் வரலைன்னா குற்றத்தை ஒப்புக்கல்லைன்னு அர்த்தம். அப்போ நிறுத்த முடியாது.”

அவர் தன்னிடமிருந்த பிஸ்கட் பாக்கெட்டை மதலைமுத்துவின் கையில் வைத்தார். அலுவலகத்தின் இரக்கம் அங்கே தொடங்கி அங்கேயே முடிந்தது.

இயக்குநர் அறைக்குப் போனால் அறை காலி. ஹாலில் பூஜை நடந்துகொண்டிருந்தது. வாழைக்கன்று கட்டி, சர்வரின் படத்தை நாற்காலியில் உட்கார வைத்து, பேட்டா வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின், கத்தரிக்கோல், இயக்குநரின் காருடைய ஸ்பேர் டயர். நடுவில் வெள்ளித் தட்டில், குங்குமத்துக்குள் பாதி புதைந்து, அந்தச் சாவி.

ஆயுதத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் அடுத்த நாள் வரை எடுக்கக் கூடாது. உலகம் அறிந்த சம்பிரதாயம் அது. வருடம் முழுக்க அந்த ஸ்டேப்ளரை யாரும் எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

மதலைமுத்து தட்டுக்கு முன்னால் மண்டியிட்டு விட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில்கூட முழங்கால் வலி என்று பெஞ்சில் உட்காருகிறவர்.

“சார், எம் புள்ள ஆஸ்பத்திரியில இருக்கா சார். கௌதள்ளி முடிஞ்சுதுன்னா அவ செத்தவ சார். யாரும் கத்தி வைக்க மாட்டாங்க. அந்தச் சாவியைக் குடுங்க சார்.”

பூசணிக்காயில் குங்குமம் அப்பிக்கொண்டிருந்த கடைநிலை ஊழியர் கெம்பம்மா கையை நிறுத்திவிட்டாள். இயக்குநர் கண்ணை மூடி ஆரத்தியை ஒற்றிக்கொண்டு, தமிழுக்கு மாறினார். பதில் என்ன என்று மதலைமுத்துவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“பாருங்க மதலை, நான் இரக்கமில்லாதவன் கெடையாது. ஆனா, நான் தொடங்கி வெச்சதை நானே நிறுத்தினா என்ன அர்த்தம்? நான் தப்பாத் தொடங்கிட்டேன்னு ஆகுது. நான் தப்பு பண்ணா இந்த ஆபீஸ் தப்பு பண்ண மாதிரி. ஆபீஸ் தப்பு பண்ணா, நாளைக்கு யாரு இருக்காங்க, யாரு இல்லைன்னு ஜனங்க எதை வெச்சு நம்புவாங்க? ஒரு கொழந்தைக்காக இத்தனை ஜனங்களோட நம்பிக்கையக் கெடுக்க முடியுமா?”

“சார், நீங்க நிறுத்த வேண்டாம் சார்” என்றார் மதலைமுத்து. எப்படி அந்த வார்த்தை வந்தது என்று அவருக்கே தெரியாது. “ஸ்கிரிப்ட் நிறுத்தும் சார்.”

இயக்குநரின் ஒரு கண் திறந்தது.

“யாரோட கையெழுத்தும் வேண்டாமா?”

“வேண்டாம் சார். ஸ்கிரிப்ட்தான நிறுத்துது.”

“நாளைக்கு விசாரணை வந்தா?”

“ஸ்கிரிப்டைத்தான் கேக்கணும் சார்.”

அவ்வளவு காலமும் அந்த அலுவலகம் தேடிக்கொண்டிருந்த ஊழியர் அன்று கிடைத்துவிட்டார். ஸ்கிரிப்ட் வேலையைச் செய்யும், ஆனால் பொறுப்பேற்க ஆள் இருக்காது. இயக்குநர் அங்கேயே குழுவைக் கூட்டினார். அவர், கிருஷ்ணராஜ், சட்ட ஆலோசகர் வினிதா. ஆளுக்கு ஒரு பொட்டலம் கடலெபுரியோடு, அதாவது பூஜைப் பொரிகடலையோடு, உட்கார்ந்தார்கள். சாவியைப் பற்றி வினிதா யோசனை சொன்னாள். பூஜை நடந்தது சாவிக்கு. ஸ்கிரிப்ட் பூஜையில் வைக்கப்படவில்லை. எனவே ஸ்கிரிப்டுக்கு வேலைத் தடை இல்லை. சாவி வெறுமனே கூடப் போகிறது. எல்லோருக்கும் பிடித்திருந்தது.

போன் அடித்தது. மதலைமுத்து எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்தார்.

“ஏனுங்க, ஒதடு நீலமாயிருச்சுங்க. டாக்டரு வெளிய வந்து வாட்சப் பாத்துட்டுப் போறாரு. புள்ள உங்களையே கேக்கறா.” ஜெனிஃபர் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

கௌதள்ளியில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. இயக்குநர் ஸ்கிரிப்டை அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி போட்டு வாசித்தார். மூன்றாவது வரியின் கடைசியில் விரலை வைத்தார்.

“இது என்ன, ‘இமீடியட்’?”

“நிறுத்தறதுக்கு ரெண்டு வழி இருக்குதுங்க சார். ‘ஸ்மார்ட்’னு போட்டா, புதுசா யாரையும் உள்ள விடாது. ஆனா உள்ள வேலை செய்றவங்களை முடிக்க விட்டுட்டுத்தான் நிக்கும். ‘இமீடியட்’னு போட்டா, எல்லாரையும் அப்படியே வெளிய அனுப்பிட்டு உடனே நின்னுரும்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே மனம் புண்பட்டவர் போலத் தெரிந்தார்.

“இமீடியட்ங்கிற சொல்லு இந்த ஆபீஸ்ல எந்த ஃபைல்லயும் இதுவரைக்கும் வந்ததில்லை. இது மைசூரு, மதலை. பந்தியில உக்காந்தவனை எலையை இழுத்து எழுப்பற ஊரு இல்லை. மூணு அவார்டு வாங்கின எம்ப்ளாயி. மரியாதையா, சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டுப் போகட்டும். ‘ஸ்மார்ட்’னு மாத்துங்க.”

“சார், உள்ள உக்காந்திருக்கிறது கழித்தல் பணி சார்! அதுதான் சார் எல்லாரையும் சாகடிக்குது. அதை முடிக்க விட்டா ஹனூர் தாலுகாவே முடிஞ்சுரும். வெளிய நிக்கிற ஆஸ்பத்திரியைத்தான் சார் உள்ள விடாது. அது மரியாதையா முடிக்கறப்ப எம் புள்ள இருக்க மாட்டா சார்!”

“சத்தம் போடாதீங்க. நிறுத்தறதுக்கு அனுமதி கேட்டீங்க, குடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?”

குழு ஒருமனதாக ‘ஸ்மார்ட்’ என்று தீர்மானித்தது. கிருஷ்ணராஜ் மதலைமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். இயக்குநர் பூஜைத் தட்டிலிருந்து சாவியை எடுத்து, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

மதலைமுத்து தன் இடத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் பின்னால் வந்து நின்றார்கள். சாவியைச் செருகினார். கம்ப்யூட்டர் சாவியை ஏற்கவில்லை. உள்ளே குங்குமம். சட்டையால் துடைத்துச் செருகினார். இல்லை. வாயால் ஊதினார்; மூஞ்சியெல்லாம் சிவப்பு. திரையில் கௌதள்ளியின் கடைசித் தெருக்கள் போய்க்கொண்டிருந்தன. கெம்பம்மா தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி நீட்டினாள். அதால் நோண்டினார். “யேசுவே, யேசுவே” என்று அவர் வாய் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழவில்லை. மூன்றாம் முறை சாவி விழித்துக்கொண்டது.

மூன்றாவது வரிக்குப் போனார். இயக்குநர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ‘இமீடியட்’ என்பதை அழித்தார். ‘ஸ்மார்ட்’ என்று அடித்தார். இயக்குநர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கடலெபுரியை வாயில் போட்டார்.

மதலைமுத்துவின் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. ஒப்பந்த வேலையில் சேர்ந்த நாள் முதல் சொன்னதைத் தவிர எதையும் செய்யாதவர். வாடகை வீடு, பள்ளிக்கூடம், அரிசி எல்லாம் இந்த நாற்காலியிலிருந்து வருகிறது. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ‘ஸ்மார்ட்’டை அழித்துவிட்டு ‘இமீடியட்’ என்று மறுபடி அடித்துப் பொத்தானை அழுத்தினார்.

“ஏய்!” என்றார் இயக்குநர். அதற்குள் வட்டம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. திரை ஒரு மூச்சு நேரம் கறுப்பாகக் கிடந்தது. பிறகு சர்வர் எழுந்தது. கௌதள்ளியில் செய்த வேலை ரத்து என்று எழுதிக் காட்டியது. மதலைமுத்து ஜேனின் எண்ணைத் தட்டினார். மூன்று முறை தப்பாகத் தட்டினார். நாலாவது முறை பச்சை வந்தது. இருக்கிறார்.

அவர் மேஜையில் தலையை வைத்து, வாய்விட்டு அழுதார். அத்தனை நேரம் அடக்கியதெல்லாம் அந்த மேஜையில் கொட்டியது. போன் அடித்தது.

“வந்துருச்சுங்க! பச்சை வந்துருச்சுங்க! ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சுட்டாங்க. சீக்கிரம் வாங்க, உங்களப் பாக்காம உள்ள போக மாட்டேங்கறா.”

எழுந்தார். வாசலில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

“எங்க போறீங்க? கௌதள்ளியில ஆயிரக்கணக்கான பேரு முறைப்படி இறந்துக்கிட்டு இருந்தாங்க. அனுமதி இல்லாம அவங்களை உயிர்ப்பிச்சிருக்கீங்க. இதுக்கு என்ன பதில்?”

“ஸ்கிரிப்ட்தான் சார் நிறுத்துச்சு.”

“ஸ்கிரிப்டுக்குப் புள்ளை கெடையாது, மதலை. இமீடியட்னு அடிச்சது ஒரு அப்பன். அதுதான் முறைகேடு.”

“கோபிநத்தத்துக்காரங்களையாவது திருப்பிக் குடுத்துருங்க சார். அவங்க எல்லாம் உயிரோட இருக்காங்க.”

“அவங்க முழுசா முடிஞ்சவங்க. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.” இயக்குநர் வினிதாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் தமிழுக்குத் திரும்பினார். குரலில் கனிவு கூட இருந்தது.

“உங்களை வேலையிலிருந்து எடுத்தாகணும். அதுவும் ரெண்டு விதமா செய்யலாம்னு மேடம் சொல்றாங்க. மரியாதையா எடுக்கறதுன்னா ஒரு மாசம் நோட்டீஸ், விசாரணை, கடைசியில பேட்டா, சால்வை, எல்லாம் உண்டு. சம்பளமும் வரும். ஆனா இந்த நிமிஷத்துலேர்ந்து விசாரணை முடியற வரைக்கும் ஆபீஸ் நேரத்துல இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. இன்னொண்ணு, இப்பவே, ஒண்ணும் இல்லாம. என் மனசு மரியாதையாத்தான் செய்யணும்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?”

மதலைமுத்து கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

“இமீடியட், சார்” என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கி ஓடினார்.